விழக் கற்றுக்கொடுத்த வாத்தியார்



ஓடும்போது கால் தடுக்கிக் கீழே விழுந்திருக்கிறீர்களா? விழாதவர்கள் யார் இருக்கிறார்கள்! முழங்காலில் சிராய்ப்பு, உள்ளங்கையில் மண், வீட்டுக்குப் போனால் அம்மாவிடம் திட்டு. எல்லாருக்கும் இந்த அனுபவம் உண்டு. ஆனால் விழுவதையே ஒரு பாடமாகச் சொல்லிக் கொடுத்த ஆசிரியர் ஒருவர் இருந்தார் என்றால் நம்புவீர்களா? எப்படி விழ வேண்டும், விழும்போது மூச்சை என்ன செய்ய வேண்டும், கை எங்கே இருக்க வேண்டும், தலையை எப்படிக் காப்பாற்ற வேண்டும் என்பதுதான் முதல் பாடம். பிடி, வீச்சு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அவர் பெயர் வாசிலி ஒஷ்செப்கோவ். வாயில் நுழையக் கொஞ்சம் சிரமமான பெயர். இரண்டு முறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், வந்துவிடும். ரஷ்ய நாட்டின் தற்காப்புக் கலையான சாம்போவுக்கு அடித்தளம் போட்டவர்களில் முதன்மையானவர். ஆயுதம் இல்லாமல் தற்காப்பு என்று பொருள் தரும் ரஷ்யச் சொற்றொடரைச் சுருக்கித்தான் சாம்போ என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் உலகமெல்லாம் பரவியது. பெயரின் பின்னால் இருந்த மனிதரை மட்டும் பல ஆண்டுகள் யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் அட்லஸை எடுத்துக் கொள்ளுங்கள். ஜப்பானுக்கு வடக்கே, ரஷ்யாவின் கிழக்குக் கரையை ஒட்டி, மீன் போல நீண்டு கிடக்கும் ஒரு தீவு தெரிகிறதா? அதுதான் சகலின். வடக்கிலிருந்து தெற்கு வரை ஏறக்குறைய 950 கிலோ மீட்டர் நீளம். கடும் குளிர். அந்தக் காலத்தில் ரஷ்யாவை ஜார் மன்னர்கள் ஆண்டார்கள். குற்றவாளிகள் என்று தீர்ப்பான ஆயிரக்கணக்கானவர்களை இந்தத் தீவுக்குத்தான் கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். தண்டனைக் காலம் முடிந்தாலும் லேசில் ஊர் திரும்ப முடியாது. அங்கேயே மரம் வெட்டி, நிலம் திருத்திக் குடியிருக்க வேண்டும்.

புகழ்பெற்ற ரஷ்ய எழுத்தாளர் ஆன்டன் செக்கோவ் 1890-ம் ஆண்டு இந்தத் தீவுக்குப் போனார். அவர் ஒரு டாக்டரும்கூட. வீடு வீடாக ஏறி இறங்கி, அங்குள்ள மக்களைப் பற்றி ஏறத்தாழ 10,000 அட்டைகளில் விவரம் எழுதிக்கொண்டு வந்தார். அந்தத் தீவின் குழந்தைகள் படும் பாட்டையும் தன் புத்தகத்தில் எழுதினார். அவர் வந்து போய் இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று மேல் ஆனபோது, தீவின் அலெக்சாண்ட்ரோவ்ஸ்க் என்ற ஊரில் நம் வாசிலி பிறந்தான். பழைய ரஷ்ய நாட்காட்டிப்படி 1892 டிசம்பர். இப்போதைய நாட்காட்டிப்படி 1893 ஜனவரி.

தாய் மரியா, தண்டனை பெற்றுத் தீவுக்கு வந்தவர். தந்தையும் அப்படியே. அவர் தச்சு வேலை செய்தார். இருவருக்கும் முறைப்படி திருமணம் பதிவாகாததால், பையனுக்குத் தாயின் குடும்பப் பெயர்தான் கிடைத்தது. கைதியின் மகன் என்ற பட்டம் வேறு ஒட்டிக் கொண்டது. பெற்றோர் செய்த குற்றத்துக்குப் பிள்ளை என்ன செய்வான்? ஆனால் ஊர் அப்படி நினைப்பதில்லையே.

பதினோரு வயதில் வாசிலி அனாதை ஆகிவிட்டான். தந்தையும் இல்லை, தாயும் இல்லை.

அதே 1904-ம் ஆண்டுதான் ரஷ்யாவுக்கும் ஜப்பானுக்கும் போர் மூண்டது. பெரிய ரஷ்யாவைச் சின்ன ஜப்பான் என்ன செய்துவிடும் என்று எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் 1905-ல் போர் முடிந்தபோது ஜப்பான் வென்றிருந்தது. சகலின் தீவின் தெற்குப் பாதி ஜப்பானுக்குப் போயிற்று. அலெக்சாண்ட்ரோவ்ஸ்க் வடக்குப் பாதியில் இருந்ததால் ரஷ்யாவிடமே இருந்தது.

போரில் தோற்ற பிறகுதான் ரஷ்யர்களுக்கு ஒரு விஷயம் உறைத்தது. ஜப்பானிய மொழி தெரிந்த ஆட்கள் அவர்களிடம் மிகக் குறைவு. அந்தச் சமயம் டோக்கியோவில் நிக்கோலாய் என்ற ரஷ்யப் பேராயர் இருந்தார். போர் நடந்த காலத்திலும் அவர் ஜப்பானை விட்டுப் போகவில்லை. அவர் நடத்திய சமயப் பள்ளியில் ஜப்பானியப் பிள்ளைகளோடு ரஷ்யப் பிள்ளைகளும் தங்கிப் படித்தார்கள். ஜப்பானிய மொழியை நன்றாகக் கற்று, மொழிபெயர்ப்பாளர்களாக வெளியே வருவதற்குத்தான் அவர்களை அனுப்பினார்கள். 1907-ம் ஆண்டு, பதினான்கு வயதில், வாசிலியும் ஜப்பானுக்குக் கப்பல் ஏறினான். உங்களில் எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புப் படிப்பவர்களின் வயதுதான். அம்மா அப்பா இல்லை, பாஷை தெரியாது, சாப்பாடும் புதிது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்புவரை எதிரியாக இருந்த நாடு.

அந்தப் பள்ளியில் உடற்பயிற்சியாக ஜூடோ சொல்லிக் கொடுத்தார்கள். வாசிலிக்கு அது பிடித்துப் போனது.

ஜூடோவைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். அதை உருவாக்கியவர் ஜிகோரோ கானோ. அவரும் ஓர் ஆசிரியர். எனக்கு அவரை மிகவும் பிடிக்கும். சிறு வயதில் கானோ குள்ளமாக, ஒல்லியாக இருந்தார். உடன் படித்த முரட்டுப் பையன்கள் அவரைப் படுத்தி எடுத்தார்கள். அதனால் ஜுஜுட்சு என்ற பழைய மற்போர்க் கலையைத் தேடிப் போய்க் கற்றார். பிறகு, ஆளுக்கு ஆபத்தான அடிகளை ஒதுக்கிவிட்டு, பள்ளிப் பிள்ளைகளும் பழகக்கூடிய விதமாக அதைத் திருத்தி அமைத்தார். 1882-ம் ஆண்டு டோக்கியோவில் ஒரு கோயிலின் அறையில் 12 பாய்களை விரித்துப் பயிற்சியைத் தொடங்கினார். அதுதான் கோடோகன் என்ற பள்ளி. பின்னாளில் கானோ ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராக நீண்ட காலம் இருந்தார். 1909-ல் சர்வதேச ஒலிம்பிக் குழுவில் சேர்ந்த முதல் ஆசியரும் அவரே. உடம்பு, மனம் இரண்டையும் பழக்கும் கல்வி என்றுதான் அவர் ஜூடோவைப் பார்த்தார்.

1911-ம் ஆண்டு அக்டோபர் 29 அன்று வாசிலி கோடோகனில் சேர்ந்தார். வயது பதினெட்டு. இனிமேல் அவரை அவன் இவன் என்று சொல்வது சரியில்லை.

கோடோகனில் சேர்ந்த உடனே யாரையும் தூக்கி வீசிவிட முடியாது. நாள் கணக்கில் விழுந்து எழ வேண்டும். முதலில் உட்கார்ந்த இடத்திலிருந்து பின்பக்கம் சாய்வது. பிறகு குந்திய நிலையிலிருந்து. பிறகு நின்ற நிலையிலிருந்து. கடைசியில் இன்னொருவர் தோளுக்கு மேல் தூக்கி வீச, காற்றில் ஒரு சுற்றுச் சுற்றிப் பாயில் விழுவது. ஒவ்வொரு முறையும் மூன்று காரியங்கள் நடக்க வேண்டும். தாடையை மார்போடு ஒட்ட வேண்டும், அப்போதுதான் பின்மண்டை தரையில் மோதாது. கையை நீட்டிப் பாயைப் பட்டென்று தட்ட வேண்டும், அப்போது விழுந்த வேகம் ஒரே இடத்தில் இறங்காமல் கை முழுவதும் பரவிப் போகும். மூன்றாவது, மூச்சு. பயந்தால் நாம் என்ன செய்வோம்? மூச்சை இழுத்துப் பிடித்துக் கொள்வோம். அப்படிப் பிடித்தால் மார்பும் வயிறும் கட்டைபோல விறைத்துக் கொள்ளும். கட்டை விழுந்தால் என்ன ஆகும்? அதிர்ச்சி முழுவதும் உள்ளே இறங்கும். மூச்சை வெளியே விட்டுக்கொண்டே விழுந்தால் உடம்பு தளர்ந்து, பந்துபோல உருளும்.

(வீட்டில் சிமென்ட் தரையில் இதைச் செய்து பார்க்கப் போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். வேண்டாம்! மெத்தை விரித்த இடத்தில், கற்றுத் தரும் ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்தான்.)

விழத் தெரிந்தவனுக்கு விழுவதில் பயம் போய்விடும். பயம் போனால் உடம்பு இறுகாது. உடம்பு இறுகாவிட்டால் எதிராளியின் அசைவு நமக்குக் கையிலேயே தெரியும். அவன் தள்ளினால் நாம் இழுக்கலாம், அவன் இழுத்தால் நாம் தள்ளலாம். அவனுடைய பலமே அவனைக் கவிழ்க்கும். ஒல்லியான கானோ குண்டு ஆட்களைக் கவிழ்த்தது இப்படித்தான்.

போர் முடிந்து ஆறே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. கோடோகனில் ஒரு ரஷ்யப் பையன் பாயில் இறங்கினால், எதிரே நிற்பவர்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள்? அவர்களில் யாருடைய அண்ணனோ, அப்பாவோ ரஷ்யர்களோடு போரிட்டிருக்கலாம். வாசிலி சளைக்கவில்லை. 1913-ம் ஆண்டு ஜூன் 15 அன்று அவருக்கு முதல் டான், அதாவது கறுப்புப் பட்டையின் முதல் படி கிடைத்தது. இந்தத் தகுதி பெற்ற முதல் ரஷ்யர் அவர்தான். சேர்ந்து இரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை. கைதியின் மகன் என்று ஊர் சொன்ன பையன், எதிரி நாட்டின் கலையில் அந்த நாட்டுக்காரர்களாலேயே தேர்ந்தவன் என்று ஒப்புக்கொள்ளப்பட்டான். பார்த்தீர்களா, மறுபடியும் அவன் என்று சொல்லிவிட்டேன்! அந்த அனாதைப் பையன்தான் என் கண் முன்னே நிற்கிறான்.

படிப்பு முடிந்து ரஷ்யா திரும்பிய வாசிலி, பசிபிக் கரையில் உள்ள விளாடிவாஸ்டாக் துறைமுக நகரில் தங்கினார். பகலில் ராணுவத்துக்கு மொழிபெயர்ப்பாளர் வேலை. மாலையில் ஜூடோ வகுப்பு. 1914-ம் ஆண்டு அவர் தொடங்கிய அந்த வகுப்புதான் ரஷ்யாவின் முதல் ஜூடோ பயிற்சிக் கூடம். அப்போது ஜப்பானுக்கு வெளியே ஜூடோ சொல்லித் தரும் இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

1917-ம் ஆண்டு கோடையில் ஜப்பானின் ஒட்டாரு நகரிலிருந்து மாணவர் குழு ஒன்று விளாடிவாஸ்டாக் வந்தது. அவர்களோடு வாசிலியின் மாணவர்கள் மோதினார்கள். இரண்டு நாட்டுக்காரர்கள் ஜூடோவில் மோதிய முதல் போட்டி என்று விளையாட்டு வரலாறு எழுதுவோர் இதைக் குறிப்பிடுகிறார்கள். அதே ஆண்டு அவருக்கு இரண்டாம் டான் கிடைத்தது.

ஆனால் 1917 ரஷ்யாவையே தலைகீழாகப் புரட்டிப் போட்ட ஆண்டு. ஜார் ஆட்சி கவிழ்ந்தது. புரட்சி வந்தது. உள்நாட்டுப் போர் மூண்டது. இந்தக் குழப்பத்தில் 1918-ல் ஜப்பானிய ராணுவம் விளாடிவாஸ்டாக்கில் வந்து இறங்கியது. ஜப்பானிய மொழியைத் தண்ணீர் பட்ட பாடாகப் பேசும் வாசிலிக்கு அப்போது ஒரு புது வேலை வந்தது. வெளியே பார்த்தால் அவர் ஜப்பானியர்களுக்கு மொழிபெயர்ப்பாளர். உள்ளே, அங்கே கேட்டதையும் பார்த்ததையும் புரட்சிக்காரர்களுக்கு ரகசியமாகச் சொல்லி அனுப்பும் ஒற்றர்.

அதன் பிறகு நடந்தது சினிமாக் கதையை மிஞ்சும். உண்மையிலேயே சினிமாதான்! வடக்கு சகலினை 1920-லிருந்து 1925 வரை ஜப்பானியப் படை பிடித்து வைத்திருந்தது. வாசிலி ஒரு படம் காட்டும் கருவியையும் படப் பெட்டிகளையும் வாங்கிக்கொண்டு தன் சொந்தத் தீவுக்கே போய்ச் சேர்ந்தார். அப்போதெல்லாம் ஊமைப்படங்கள்தான். குளிரில் வெறுத்துப் போயிருந்த ஜப்பானியச் சிப்பாய்களுக்குப் படக்காரர் வந்தால் கொண்டாட்டம். முகாம் முகாமாகப் போய்ப் படம் காட்டினார். எந்த முகாமில் எத்தனை பேர், என்ன ஆயுதம் என்பதெல்லாம் அவர் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. பிறகு 1924-ல் படவிநியோகம் செய்பவர் என்ற பெயரில் ஜப்பானுக்கே போனார். 1926-ல் அவரைத் திருப்பி அழைத்துக் கொண்டார்கள்.

இந்த இடத்தை எழுதும்போது எனக்கு மனம் சற்று நெருடுகிறது. தனக்குச் சோறும் கல்வியும் கலையும் தந்த நாட்டில் ஒற்றராக இருப்பது எப்படி இருந்திருக்கும்? அவர் தன் சொந்த நாட்டுக்காகச் செய்தார் என்று சொல்லலாம். ஆனாலும் பழைய பள்ளித் தோழர்களை டோக்கியோ தெருவில் பார்த்தபோது அவர் முகத்தைத் திருப்பிக் கொண்டாரா, சிரித்தாரா? நீங்களே யோசித்துப் பாருங்கள்.

எங்கே போனாலும் அவர் வகுப்பை விடவில்லை. சைபீரியாவில் நோவோசிபிர்ஸ்க் நகரில் ராணுவ அலுவலகத்தில் வேலை பார்த்தபோதும் அங்கே ஜூடோ கற்றுக் கொடுத்தார். 1929-ம் ஆண்டு மாஸ்கோவுக்கு வந்தார். அவருக்கு வயது முப்பத்தாறு. செஞ்சேனையின் மத்திய மன்றத்தில் ராணுவ அதிகாரிகளுக்குப் பயிற்சி தந்தார். பிறகு மாஸ்கோவில் உள்ள உடற்கல்விக் கல்லூரியில் ஆசிரியரானார். நாடு முழுவதிலும் இருந்து விளையாட்டு ஆசிரியர் ஆக வந்த மாணவர்கள் அங்கே படித்தார்கள். ஆசிரியருக்கு ஆசிரியர்! ஒற்றர் வேலையைவிட இந்த வேலைதான் அவருக்குப் பொருத்தம் என்பேன்.

1931-ம் ஆண்டு சோவியத் அரசு ஒரு திட்டம் கொண்டு வந்தது. உழைப்புக்கும் பாதுகாப்புக்கும் தயார் என்பது அதன் பெயர். ஓட்டம், நீச்சல், தாண்டுதல் என்று பல தேர்வுகள். தேறியவர்களுக்கு ஒரு வில்லை கொடுப்பார்கள், சட்டையில் குத்திக் கொள்ளலாம். அந்தத் திட்டத்தில் தற்காப்புப் பகுதியை வகுத்தவர்களில் ஒஷ்செப்கோவும் ஒருவர். சண்டைக்காரர்களை உருவாக்குவது அல்ல அதன் நோக்கம். தொழிற்சாலையிலும் வயலிலும் வேலை செய்கிற சாதாரண மக்களின் உடம்பு நேராக நிற்கவும், நன்றாக மூச்சு விடவும், தேவைப்பட்டால் தன்னைக் காத்துக் கொள்ளவும் தெரிந்திருக்க வேண்டும் என்பதே.

மாஸ்கோவில் அவருக்கு முன்பே விக்டர் ஸ்பிரிதோனோவ் என்ற இன்னொரு ஆசிரியர் இருந்தார். அவர் பழைய ராணுவ அதிகாரி. 1920-களில் டைனமோ விளையாட்டுச் சங்கத்தில் காவல் துறையினருக்கு ஆயுதமில்லாத தற்காப்பு கற்றுத் தந்தவர். புத்தகங்களும் எழுதினார். சாம்போ என்ற நதிக்கு இரண்டு ஊற்றுகள் என்று சொல்வார்கள். ஒன்று ஸ்பிரிதோனோவ், மற்றொன்று ஒஷ்செப்கோவ். ஆனால் இருவரும் சேர்ந்து வேலை செய்யவில்லை. ஒரே ஊரில் இரண்டு வாத்தியார்கள் இருந்தால் சில சமயம் அப்படித்தான்!

ஒஷ்செப்கோவின் வகுப்பில் சுவையான ஒரு மாற்றம் நடந்துகொண்டிருந்தது. சோவியத் நாடு மிகப் பெரியது. அதில் எத்தனையோ இனத்தவர்கள். ஜார்ஜியாவிலிருந்து வந்த மாணவனுக்குத் தன் ஊரின் சிதாவோபா மல்யுத்தம் தெரியும். அதை மேளம் முழங்கச் சட்டையைப் பிடித்து ஆடுவார்கள். உஸ்பெக் மாணவனுக்குக் குராஷ் தெரியும். தாத்தாரியர்களுக்கு இடுப்புத் துண்டைப் பிடித்து மோதும் மல்யுத்தம். ஆளுக்கு ஒரு பிடி கொண்டு வந்தார்கள். இது ஜூடோ இல்லை, இங்கே செய்யக் கூடாது என்று ஆசிரியர் தள்ளவில்லை. செய்து காட்டச் சொல்லிப் பார்த்தார். பயனுள்ளதைச் சேர்த்துக் கொண்டார்.

இப்படி மெல்ல மெல்ல அது வேறு உருவம் எடுத்தது. இன்றைய சாம்போ வீரரைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். ஜூடோவில் வெறுங்கால், முழுக் காற்சட்டை. சாம்போவில் மெல்லிய காலணியும் அரைக்கால் சட்டையும். மேலே சிவப்பு அல்லது நீலநிறக் கெட்டிச் சட்டை, தோள்பட்டையில் சின்னச் சிறகுபோல மடிப்பு, எதிராளி பிடித்துக் கொள்வதற்காக. ஜூடோவில் கழுத்தை நெரிக்கும் பிடி உண்டு, விளையாட்டுச் சாம்போவில் கிடையாது. காலை மடக்கும் பிடி ஜூடோவில் கூடாது, சாம்போவில் உண்டு. ஆனால் இரண்டிலும் முதல் பாடம் ஒன்றுதான். என்ன பாடம்? சொல்லுங்கள் பார்க்கலாம். ஆமாம், விழுவது!

இனிச் சொல்லப் போவது வருத்தமான பகுதி. 1937-ம் ஆண்டு சோவியத் நாட்டில் பயங்கரமான ஆண்டு. ஸ்டாலின் ஆட்சி. யாரைப் பார்த்தாலும் அரசுக்குச் சந்தேகம். லட்சக்கணக்கானவர்களைக் கைது செய்தார்கள். வெளிநாட்டில் இருந்தவர்கள், வெளிநாட்டு மொழி தெரிந்தவர்கள் என்றால் இன்னும் ஆபத்து. அந்த ஆண்டு செப்டம்பரில், தூரக் கிழக்கில் வாழ்ந்து ஜப்பானோடு தொடர்பு இருந்தவர்களைக் குறிவைத்து ஓர் உத்தரவு வந்தது. அக்டோபர் 2 அன்று ஒஷ்செப்கோவைக் கைது செய்தார்கள். என்ன குற்றம் தெரியுமா? ஜப்பானுக்காக உளவு பார்த்தாராம்!

எந்த நாட்டுக்காக உயிரைப் பணயம் வைத்து ஜப்பானில் ஒற்றராக இருந்தாரோ, அந்த நாடே அவரை ஜப்பானின் ஒற்றர் என்றது.

அவருக்கு ஏற்கெனவே இருதய நோய் இருந்தது. மாஸ்கோவில் புட்டிர்கா என்ற சிறையில் அடைத்தார்கள். விசாரணை இல்லை, வழக்கு இல்லை. அக்டோபர் 10 அன்று சிறை அறையிலேயே மாரடைப்பு வந்து இறந்து போனார். வயது நாற்பத்து நான்கு. எத்தனையோ பேருக்கு எப்படி மூச்சு விட வேண்டும் என்று சொல்லித் தந்தவர், மூச்சு நின்று, பக்கத்தில் சொந்தக்காரர் யாரும் இல்லாமல் போய்ச் சேர்ந்தார்.

அவருடைய மாணவர்கள் நிலைமையை நினைத்துப் பாருங்கள். ஆசிரியர் நாட்டுக்குத் துரோகி என்று அரசு சொல்லிவிட்டது. அவர் பெயரைச் சொன்னால் தங்களுக்கும் ஆபத்து. ஜூடோ என்ற ஜப்பானியச் சொல்லே ஆகாத சொல்லாகிவிட்டது. கலையை விட்டுவிடுவதா, பெயரை விட்டுவிடுவதா? அவர்கள் பெயரை விட்டார்கள், கலையைக் காப்பாற்றினார்கள். அனதோலி ஹர்லாம்பியெவ் என்ற மாணவர் முன்னே நின்றார். இது நம் சோவியத் மக்களின் பல மல்யுத்தங்களைச் சேர்த்து உருவான புதுக்கலை என்று சொன்னார்கள். 1938-ம் ஆண்டு நவம்பர் 16 அன்று அரசு அதை அதிகாரப்பூர்வமான விளையாட்டாக அறிவித்தது. அப்போது சுதந்திர மல்யுத்தம் என்று பெயர். சாம்போ என்ற பெயர் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் நிலைத்தது. இன்றும் நவம்பர் 16-ஐத்தான் சாம்போவின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள்.

ஹர்லாம்பியெவ் பின்னாளில் பெரிய புத்தகம் எழுதினார். சாம்போவை உருவாக்கியவர் என்று அவரையே உலகம் பாராட்டியது. குருவின் பெயர் எங்கும் வரவில்லை. இது நன்றி மறந்த செயலா, இல்லை, கலையைக் காக்கச் செய்த தந்திரமா? இதைப் பற்றி ரஷ்யாவிலேயே இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. என்னைக் கேட்டால், 1938-ல் வாய் மூடியிருந்ததை நான் குற்றம் சொல்ல மாட்டேன். உயிர்ப் பயம் யாருக்குத்தான் இல்லை? ஆனால் ஆபத்து நீங்கிய பிறகும் அந்தப் பெயர் வெளியே வர ரொம்ப நாள் ஆயிற்று. அதுதான் எனக்குக் குறை.

ஸ்டாலின் 1953-ல் இறந்தார். 1957-ம் ஆண்டு ஒஷ்செப்கோவ் மீது சுமத்திய குற்றம் பொய் என்று சோவியத் அரசே ஒப்புக்கொண்டு ரத்து செய்தது. அவர் இறந்து இருபது ஆண்டு ஆகியிருந்தது. அப்போதும் பாடப் புத்தகங்களில் அவர் பெயர் ஏறவில்லை. மிகயில் லுகாஷெவ் என்ற விளையாட்டு வரலாற்று ஆசிரியர் பழைய ஆவணங்களைத் தோண்டி, அவருடைய கதையை 1980-களில் வெளியே கொண்டு வந்தார். டோக்கியோவில் கோடோகனின் பதிவேட்டில் 1911-ம் ஆண்டுப் பதிவு பத்திரமாக இருந்தது. சொந்த நாடு மறைத்த பெயரை, அவர் படித்த பள்ளி அழிக்காமல் வைத்திருந்தது!

கலையோ நிற்காமல் வளர்ந்துகொண்டே இருந்தது. 1964-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் முதன்முதலாக ஜூடோவைச் சேர்த்தார்கள். சோவியத் நாட்டிலிருந்து போனவர்கள் சாம்போ பழகி வளர்ந்தவர்கள். ஜூடோவின் சொந்த ஊரிலேயே நான்கு வெண்கலப் பதக்கங்களை வாங்கிக்கொண்டு வந்தார்கள். ஒஷ்செப்கோவ் சிறையில் இறந்து இருபத்தேழு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த நான்கு பேரும் போட்ட வீச்சில் அவர் கையும் இருந்தது என்று அரங்கத்தில் இருந்தவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1973-ல் ஈரான் தலைநகர் டெஹ்ரானில் சாம்போவுக்கு முதல் உலகச் சாம்பியன் போட்டி நடந்தது. இப்போது பல நாடுகளில் சிறுவர்களும் சிறுமிகளும் பழகுகிறார்கள். பதக்கத்துக்காக இல்லாமல், உடல் நலத்துக்காக மட்டும் பழகுகிறவர்களும் நிறைய. ரஷ்யாவிலிருந்து வந்த இன்னொரு பயிற்சியைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள், சிஸ்டெமா என்று பெயர். 1990-களில் வெளிநாடுகளுக்குப் பரவியது. மூச்சு, தளர்வு, நேரான நிலை, ஓயாத அசைவு என்ற நான்கும்தான் அதற்கு அடிப்படை. அதன் வழி வேறு, சாம்போவின் வழி வேறு. ஆனால் அங்கேயும் புதிதாகச் சேர்ந்தவரிடம் மூச்சை அடைக்காதே, விறைக்காதே என்பார்கள்.

விளாடிவாஸ்டாக் நகரில், தன் முதல் வகுப்பை அவர் நடத்திய துறைமுகப் பகுதியில், இன்று ஒஷ்செப்கோவுக்குச் சிலை இருக்கிறது.

2021-ம் ஆண்டு ஜூலை மாதம் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் கூட்டம் ஒன்று நடந்தது. சாம்போவின் உலக அமைப்புக்கு முழு அங்கீகாரம் தருவதாக அந்தக் கூட்டத்தில் முடிவு செய்தார்கள். கூட்டம் நடந்த ஊர் எது தெரியுமா? டோக்கியோ. சகலின் தீவிலிருந்து வந்த அந்தப் பதினெட்டு வயதுப் பையன் கோடோகன் பதிவேட்டில் பெயர் எழுதி, அந்த அக்டோபரோடு சரியாக 110 ஆண்டுகள்.